மாலை வகுப்பின் பயனை அளத்தல்



கண்டி வாவியின் மேல் மாலை வெயில் சாயும் வேளையில் பாடசாலை மணி ஓய்ந்துவிடுகிறது, கல்வி ஓய்ந்துவிடுவதில்லை. கட்டுக்கலை, மஹியாவை முதலிய நகரப் பகுதிகளிலும், ஹந்தானை மலைச்சரிவிலும், அப்பால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை ஆகிய தோட்டப்புறங்களிலும், பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பிக்கும் நல்லோர் பலர் உளர். கோயில் மண்டபத்தில் ஒரு வகுப்பு. வாசிகசாலையின் பின்னறையில் இன்னொன்று. பிள்ளைமடுவத்தின் வெறுந்தரையில் மற்றொன்று. பழைய மாணவர் சங்கங்களும், சமய மன்றங்களும், தொண்டு நிறுவனங்களும், பல்கலைக்கழக மாணவரும் இப்பணியில் ஈடுபடுகின்றனர். பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத பெற்றோருக்கு இவை பெருந்துணை. இத்தொண்டினை எவரும் குறைத்துப் பேசுதல் தகாது.

ஆயினும், நேயர்களே, இத்தகைய பணிகளைப் பற்றி நாம் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிடுகிறோம். எத்தனை வகுப்புகள் நடந்தன என்று கேட்கிறோம். எத்தனை கொப்பிகள் வழங்கப்பட்டன என்று கேட்கிறோம். பரிசளிப்பு விழாவுக்கு யார் தலைமை வகித்தார் என்றும் கேட்கிறோம். அவ்வகுப்பினால் பிள்ளைக்கு விளைந்தது என்ன என்று கேட்பதில்லை. அக்கேள்விக்கு முறையாக விடை காணும் முயற்சியையே மதிப்பீடு என்கிறோம். மாலை வகுப்புகளுக்கும் சமூகத் தொண்டுகளுக்கும் அது ஏன் இன்றியமையாதது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு பணி திட்டமிட்டவாறு நடைபெறுகிறதா எனப் பார்ப்பது மேற்பார்வை. ஒரு பிள்ளை இன்று எந்த அளவுக்கு அறிந்திருக்கிறது எனக் காண்பது கணிப்பீடு. அப்பணியினால் அப்பிள்ளையின் நிலை மாறியதா, அம்மாற்றம் அப்பணியினாலேயே வந்ததா, செலவிட்ட பொருளுக்கும் உழைப்புக்கும் அது ஈடாகுமா என ஆராய்வது மதிப்பீடு. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பல குழப்பங்கள் எழுகின்றன. வரவு இடாப்பை நிரப்பிவிட்டு மதிப்பீடு முடிந்தது என எண்ணிவிடுகிறோம்.

இஃது ஏதோ மேனாட்டார் நம்மீது சுமத்திய புதுமை அன்று. திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதன் தொடக்கத்திலேயே, ஒரு செயலில் கையை விட்டுப் போவது எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, அதன்பின் தொடர்ந்து விளையும் ஊதியம் எவ்வளவு என மூன்றையும் எண்ணிப் பார்க்குமாறு பணிக்கிறார். அம்மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். கொப்பியும் பென்சிலும் கையை விட்டுப் போனவை. நடந்த வகுப்புகள் உடனே கைக்கு வந்தவை. ஈராண்டு சென்ற பின் அப்பிள்ளை தானாக ஒரு கதையை எடுத்து வாசிக்கிறதா என்பதே தொடர்ந்து விளையும் ஊதியம்.

தேயிலை மலையில் வாழ்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்கள். ஆனால் பச்சைக் கொழுந்தின் நிறை தேயிலையின் நிறை ஆகாது. ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ கொழுந்து வாடி, உருண்டு, பதமாகி, காய்ந்த பின்னரே ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. அதுவும் நல்ல தேயிலைதானா என்பதைச் சுவைஞர் கோப்பையில் ஊற்றிப் பார்த்தே சொல்கிறார். வரவு இடாப்பு பச்சைக் கொழுந்தின் நிறை போன்றது. அது வேண்டியதே. எனினும் அதனை வைத்துக் கோப்பையின் சுவையைச் சொல்ல முடியாது.

இவ்வுண்மையை நான் நூலில் கற்றவன் அல்லேன். என் சொந்தப் பிழையிலிருந்து கற்றேன். அதனை மறைக்காமல் உங்களுக்குக் கூறுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், கண்டிக்கு அண்மையில், தோட்டமும் சிறு கடைத்தெருவும் சந்திக்கும் ஓரிடத்தில் அமைந்த பாடசாலைக்கு நான் அதிபராக இருந்தேன். அங்கே மாலை வகுப்பொன்றை ஆரம்பித்தோம். பழைய மாணவர் சிலர் தொண்டர்களாக வந்தனர். நல்லோர் சிலர் பணம் தந்தனர். பிள்ளைகளுக்குப் பணிஸும் தேநீரும் கிடைத்தன. ஆண்டு முடிவில் விழா எடுத்தோம், அறிக்கை வாசித்தோம், படம் பிடித்தோம். வரவு இடாப்பு நிறைந்திருந்தது. என் உள்ளமும் நிறைந்திருந்தது.

அவ்வேளையில் பயிற்சி முடித்துப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் என் அறைக்கு வந்து, மிகுந்த தயக்கத்துடன் ஒரு கேள்வி கேட்டார். “சேர், இந்தப் பிள்ளைகள் முதல் நாள் வந்தபோது எந்த அளவுக்கு வாசித்தார்கள் என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறோமா?” எழுதி வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சினமே வந்தது. இத்தனை பேர் ஊதியமின்றி உழைக்கும் ஒரு பணியில் நேற்று வந்தவர் குறை காண்கிறாரே என எண்ணினேன். ஆயினும் அக்கேள்வி அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

அடுத்த வாரம் பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்தோம். ஓர் அட்டையில் எழுத்துகள். இன்னோர் அட்டையில் எளிய சொற்கள். மூன்றாவதில் நான்கு வரிப் பந்தி. நான்காவதில் சிறு கதை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. கண்டது என்ன? தங்குதடையின்றி வாசித்தோர் பலர் இருந்தனர். அவர்களின் பழைய வகுப்பாசிரியர்களைக் கேட்டபோது, அப்பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வருமுன்பே நன்றாக வாசித்தவர்கள் என்பது தெரிந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த சிலரின் கொப்பிகளைப் பார்த்தோம். முத்துப் போன்ற கையெழுத்து. கரும்பலகையில் உள்ளதை ஒரு புள்ளி தவறாமல் பார்த்து எழுதியிருந்தனர். எழுதியதை வாசிக்கச் சொன்னபோது வாய் திறக்கவில்லை. அவர்கள் எழுதவில்லை, நேயர்களே. எழுத்துகளைப் படமாக வரைந்து கொண்டிருந்தனர். பல மாதங்களாக எங்கள் கண்ணெதிரே வரைந்து கொண்டிருந்தனர்.

இதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. பகற்பாடசாலையில் வாசிப்பில் மிகப் பின்தங்கிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்து மாலை வகுப்பின் இடாப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர்களிற் பெரும்பாலோர் மாலை வகுப்புக்கு வந்ததே இல்லை. யாருக்காக அவ்வகுப்பை ஆரம்பித்தோமோ அவர்கள் அங்கே இல்லை.

அந்த ஆசிரியையும் நானும் லயங்களுக்கு நடந்து சென்று விசாரித்தோம். ஒரு வீட்டில், கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய் திரும்பும்வரை மூத்த பெண்ணே தம்பி தங்கையரைப் பார்க்க வேண்டும். இன்னொரு வீட்டில், வகுப்பு முடிந்து இருளில், மழைக்காலத்து அட்டைகளுக்கு நடுவே, மகளைத் தனியே ஏறி வரவிடத் தந்தைக்கு மனமில்லை. மற்றொரு தாய் சொன்ன மறுமொழியை இன்றும் நான் மறக்கவில்லை: “அது படிக்கிற புள்ளைகளுக்கு வச்ச கிளாசுதானுங்களே ஐயா. எங்க புள்ளைக்குத்தான் எழுத்தே தெரியாதே.”

எழுத்து அறியாத பிள்ளைக்காகவே தொடங்கிய வகுப்பை, எழுத்து அறிந்தோர்க்கு உரியது என அத்தாய் கருதியிருந்தார். அவர் கருதியதில் பிழையும் இல்லை. நாங்கள் அவ்வாறே நடத்தி வந்திருந்தோம்.

அதன்பின் சில மாற்றங்களைச் செய்தோம். பாடசாலை விட்டவுடனேயே வகுப்பைத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்தோம். தம்பி தங்கையரையும் அழைத்து வரலாம் என அறிவித்து, அவர்களுக்கு ஒரு பாயும் சில படப் புத்தகங்களும் வைத்தோம். தரம் பார்த்து அமர்த்துவதை விட்டு, வாசிக்கும் திறன் பார்த்துக் குழுவாகப் பிரித்தோம். இரு தவணைகளுக்குப் பின் அதே அட்டைகளைக் கொண்டு மீண்டும் பார்த்தோம். வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்தில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அதனையும் எழுதி வைத்தோம். சில பிள்ளைகள் கடைசிவரை வரவேயில்லை. அவர்களின் பெயர்களையும் எழுதி வைத்தோம். நிறைந்த இடாப்பைவிட அப்பெயர்ப் பட்டியல் எனக்கு அதிகம் கற்பித்தது.

இத்தகைய பிழை ஒரு பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. நம் மலையகக் கல்வியின் வரலாற்றிலேயே இதன் நிழலைக் காணலாம். 1907 ஆம் ஆண்டிலும் 1920 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது வைத்தன. ஏட்டளவில் பாடசாலைகள் பெருகின. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஓர் இடாப்பு இருந்தால் பாடசாலை உண்டு எனக் கணக்கிட்டனர். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஓரறையில் வைத்து நடத்திய அவ்விடங்களில் பிள்ளை என்ன கற்றது, அதன்பின் எங்கே சென்றது என்பதைத் தொடர்ந்து பார்த்தோர் மிகச் சிலரே. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதன் முழுப்பயனுக்கு வெளியே நின்றன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977 முதல் படிப்படியாகப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. பாடசாலை உண்டா என்ற கேள்விக்கும் கற்றல் உண்டா என்ற கேள்விக்கும் இடையே இரண்டு மூன்று தலைமுறைகளின் வாழ்வு கழிந்துவிட்டது. மதிப்பீடு என்பது வெறும் அலுவலக வேலை அன்று என நான் கூறுவது இதனாலேதான்.

இனி, உலகின் பிற பகுதிகளில் நடந்த மூன்று முயற்சிகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் நமக்கு அறிவூட்டுவன.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. பொஸ்ரன் நகரத்துக்கு அண்மையிலுள்ள கேம்பிரிட்ஜ், சொமர்வில் என்னும் இரு தொழில் நகரங்களில், றிச்சாட் கபொட் என்னும் மருத்துவப் பேராசிரியரின் முயற்சியால், 1939 ஆம் ஆண்டில் ஒரு தொண்டு தொடங்கியது. ஏழைக் குடும்பத்துச் சிறுவர் தீய வழிச் செல்லாமல் காப்பதே அதன் நோக்கம். ஒத்த வயதும் ஒத்த குடும்பச் சூழலும் உடைய சிறுவரை இருவர் இருவராக இணைத்து, ஒவ்வோர் இணையிலும் எவருக்கு உதவி என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தனர். உதவி பெற்ற சிறுவரின் வீட்டுக்கு ஆலோசகர் அடிக்கடி சென்றார். பாடம் சொல்லிக் கொடுத்தனர்; மருத்துவம் பார்த்தனர்; கோடை முகாம்களுக்கு அனுப்பினர். இது 1945 வரை நடந்தது.

பின்னர் ஜோன் மக்கோட் என்னும் அறிஞர் உதவி பெற்ற 253 பேரையும் பெறாத 253 பேரையும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று ஆராய்ந்து, 1978 இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோரில் மூன்றில் இரு பங்கினர் அத்தொண்டு தமக்கு நன்மை செய்தது என்றே நன்றியுடன் கூறினர். ஆனால் பதிவேடுகள் வேறு கதை கூறின. மதுப்பழக்கம், மனநோய், மீண்டும் குற்றம் புரிதல், இளவயது மரணம் முதலிய பலவற்றில் உதவி பெற்றோரின் நிலையே மற்றவரைவிடத் தாழ்ந்திருந்தது. பிற்கால ஆய்வில், கோடை முகாம்களுக்கு ஒரு முறைக்கு மேல் சென்றோரிடமே தீங்கு மிகுந்து காணப்பட்டது. வழிதவறும் இயல்புள்ள சிறுவரை ஓரிடத்தில் கூட்டியபோது ஒருவர் மற்றவருக்குத் தீய பாடம் கற்பித்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

நல்லெண்ணத்துக்கு அங்கே குறைவில்லை, பொருளுக்கும் குறைவில்லை, பயன் பெற்றோரின் நன்றியுரைக்கும் குறைவில்லை. அளந்து பார்த்திராவிட்டால் அது ஒரு மாபெரும் வெற்றி என்றே வரலாறு எழுதியிருக்கும். நன்றியுரை நன்மைக்குச் சான்றாகாது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இரண்டாவது வட இந்தியாவில் நடந்தது. உத்தரப் பிரதேச மாநிலத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 280 கிராமங்களில் ஓர் ஆய்வுக்கு இடமளித்தது. சில கிராமங்களில் பாடசாலை பற்றிய தகவல்களைப் பெற்றோருக்கு எடுத்துரைத்தனர். சிலவற்றில் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைத் தாமே அளக்கக் கற்பித்தனர். சிலவற்றில் இவற்றோடு கிராமத்து இளைஞர்களுக்கும் பயிற்சி தந்து பாடசாலை நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்தச் செய்தனர். முதலிரண்டினாலும் பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் தென்படவில்லை. மூன்றாவது பலித்தது. அறவே எழுத்தறியாத பிள்ளைகள் அவ்வகுப்புக்கு வந்தபோது ஓராண்டில் எழுத்தறியத் தொடங்கினர். ஆனால் அக்கிராமங்களின் பிள்ளைகளில் வகுப்புக்கு வந்தோர் 8 விழுக்காட்டினரே. எழுத்து அறியாதோரிடையேகூட 13 விழுக்காட்டினரே வந்தனர். மருந்து நல்லது, நோயாளியைச் சென்று சேரவில்லை. எங்கள் சிறு மாலை வகுப்பின் கதையும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

மூன்றாவது நமக்கு மிக அண்மையில், தமிழ்நாட்டில் நடந்தது. கொவிட் பெருந்தொற்றினால் அங்கே பாடசாலைகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்தன. 2021 ஒக்ரோபர் மாதத்தில் தமிழ்நாட்டரசு இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தை விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தது. ஏறத்தாழ 2 இலட்சம் தொண்டர்கள், அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள், தத்தம் தெருவிலேயே மாலையில் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

பெருந்தொற்றுக்கு முன் 2019 இலேயே அம்மாநிலத்தின் கிராமங்களில் பிள்ளைகளின் அறிவை அளந்து வைத்திருந்த ஆய்வாளர் இருந்தனர். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை மீண்டும் சென்று கண்டனர். இழப்பு மிகப் பெரிது. கணிதத்தில் மேலும் பெரிது. ஆயினும் பாடசாலைகள் திறந்த ஆறு மாதங்களுள் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது. அவ்வாறு மீண்டதில் ஏறத்தாழ 24 விழுக்காடு மாலை வகுப்பினால் விளைந்தது என அவர்கள் கணித்தனர். மேலும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அவ்வகுப்புகளில் அதிகமாகப் பங்குபற்றினர் என்பதும் தெரிந்தது.

இங்கே மதிப்பீடு செய்த நன்மையை நோக்குங்கள். மாலை வகுப்பு பயனற்றது என்று கூறுவோர்க்கும் அது மறுமொழி தந்தது. எல்லா முன்னேற்றமும் மாலை வகுப்பினாலேயே வந்தது என்று பெருமை பேசுவோர்க்கும் மறுமொழி தந்தது. பெரும் பங்கு பாடசாலை மீண்டும் திறந்ததனால் வந்தது. குறிப்பிடத்தக்க ஒரு பங்கு தொண்டர்களால் வந்தது. தெருவோரத்தில் அமர்ந்து கற்பித்த ஒரு பெண்ணின் உழைப்புக்கு அதைவிடச் சிறந்த மாலை எதனைச் சூட்ட முடியும்? முன்னதாகவே அளந்து வைத்திருந்தமையாலேயே இது கூடிற்று என்பதையும் மறத்தலாகாது. நம் நாட்டிலும் 2020 மார்ச்சு மாதம் முதல் பெருந்தொற்றினாலும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. அக்காலத்தில் தொடங்கிய மாலை வகுப்புகள் எத்தனையோ. அவற்றுள் முதல் நாளிலேயே அளந்து வைத்தவை எத்தனை என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டறியலாம்.

இனி, மறுப்புரைகளையும் கேட்போம். அளத்தல் எப்போதும் நன்மையே செய்யுமா? செய்யாது. 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. பாடசாலைக்குரிய நன்கொடை பிள்ளைகளின் வரவையும், வித்தியாதரிசி நடத்தும் பரீட்சையில் அவர்கள் அடையும் பெறுபேற்றையும் பொறுத்தது என்றனர். விளைவு என்ன? ஆசிரியர் அப்பரீட்சைக்கு வேண்டியதை மட்டுமே கற்பித்தனர். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை நெட்டுருச் செய்து, வாசிப்பது போல ஒப்புவித்தனர். புகழ் பெற்ற கவிஞரும் தாமே ஒரு வித்தியாதரிசியாகப் பணியாற்றியவருமான மத்தியு ஆனல்ட் அம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அளவுகோலைப் பிரம்பாக மாற்றினால் அளக்கப்படுவோர் பொய் சொல்லக் கற்றுக்கொள்வர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைச் சுற்றி நம்மிடையே வளர்ந்துள்ள பரபரப்பை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின், மதிப்பீடு தொண்டரைத் தண்டிப்பதற்கு அன்று, பணியைத் திருத்துவதற்கே. பொருள் உதவும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பக்கம் பக்கமாகப் படிவங்களை நிரப்பச் சொல்லி, தோல்வியைச் சொன்னால் உதவியை நிறுத்திவிடுவோம் என்ற அச்சத்தையும் ஊட்டினால், அவர்களுக்குக் கிடைப்பது அறிக்கை மட்டுமே, உண்மை அன்று.

இன்னொரு மறுப்பும் உண்டு. பாட்டும் விளையாட்டும் தோழமையும், ஆதரவற்ற பிள்ளைக்கு அந்தி வேளையில் கிடைக்கும் ஒரு பாதுகாப்பான இடமும், எந்த அட்டையைக் கொண்டு அளக்கத்தக்கவை என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் எண்ணாக்க இயலாது. எண்ணாக்க இயலாதவற்றைக் கேட்டறியலாம், கண்டறியலாம். பிள்ளை விரும்பி வருகிறதா, முன்பு பேசாதிருந்தது இப்போது பேசுகிறதா, வீட்டில் தாய் காணும் மாற்றம் என்ன என்பனவற்றைப் பொறுமையுடன் கேட்டுக் குறித்து வைப்பதும் மதிப்பீடே. ஆனால் அளக்கக்கூடியதை அளக்காமல் விடுவதற்கு அளக்க முடியாதவற்றைச் சாட்டாகக் கூறுதல் ஆகாது.

அப்படியாயின், சிறிய மாலை வகுப்பொன்றை நடத்தும் ஒருவர் செய்யத்தக்கது யாது? பெரும் பொருள் வேண்டியதில்லை. என் அனுபவத்தில் பயன் தந்த சிலவற்றைக் கூறுகிறேன்.

வகுப்பு யாருக்காக, எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொள்ளுங்கள். கல்வியை மேம்படுத்துதல் என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. தரம் 4 இல் வாசிக்க இயலாத பிள்ளைகள் இரு தவணைகளுள் ஒரு பந்தியைத் தாமாக வாசித்தல் என்று எழுதினால் அது நோக்கம். பின்பு, முதல் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி நிலையைக் குறித்து வையுங்கள். தொடக்கம் தெரியாவிட்டால் முடிவைக் கொண்டு எதுவும் கூற இயலாது.

அடுத்து, ஒப்பிடுவதற்கு ஒன்றைத் தேடுங்கள். பிள்ளைகள் வகுப்புக்கு வராவிட்டாலும் ஓராண்டில் ஓரளவு வளரத்தான் செய்வர், பகற்பாடசாலையும் கற்பிக்கிறதன்றோ? ஆகவே ஒத்த நிலையிலுள்ள, வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வளர்ச்சியையும் பார்த்தல் வேண்டும். இடம் போதாமல் சிலரை அடுத்த தவணைக்கு நிறுத்தி வைக்க நேரிட்டால், சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்யுங்கள். அது நீதியும் ஆகும். காத்திருப்போரை ஒப்பீட்டுக்கும் கொள்ளலாம்.

கற்பித்தவரே பரீட்சகராகவும் இருத்தல் நன்றன்று. தம் பிள்ளை தடுமாறும்போது முதலெழுத்தை எடுத்துக் கொடுக்காத ஆசிரியர் யார்? வெளியார் ஒருவர் வந்து கேட்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் கண்டி மக்களுக்கு இத்தகைய துணையைத் தேடிக் கொள்ளுதல் அரிதன்று. ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும்.

இவையனைத்துக்கும் மேலாக, வராத பிள்ளையைத் தேடிச் செல்லுங்கள். வந்த பிள்ளை உங்கள் வகுப்பைப் புகழும். வராத பிள்ளைதான் அதன் குறையைச் சொல்லும். வகுப்பு நிறைந்திருப்பதைக் கண்டு மகிழும் நாம், நிறையாத ஒரு வீட்டின் படியேறிப் பார்த்தால்தான், நேரமா, இருளா, பாதையா, வெட்கமா எது தடை என்பது விளங்கும். கடைசியாக, தோல்வியையும் அறிக்கையில் எழுதுங்கள். அடுத்த ஊரில் அதே பணியைத் தொடங்குபவர் அதே பிழையில் விழாமல் காப்பதும் ஒரு தொண்டே.

நேயர்களே, ஒரு பிள்ளையின் பிள்ளைப் பருவம் ஒரு முறைதான் வருகிறது. வகுப்பு நடத்துபவருக்கு அடுத்த ஆண்டு உண்டு; பொருள் தருபவருக்கு அடுத்த திட்டம் உண்டு; பின்வரிசையில் எழுத்துகளைப் படமாக வரைந்து கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது. அதன் மாலைப்பொழுதை நாம் கேட்டுப் பெற்றுக் கொள்கிறோம். விளையாடியிருக்கக்கூடிய, தாய்க்கு உதவியிருக்கக்கூடிய, வெறுமனே ஓய்ந்திருக்கக்கூடிய பொழுது அது. அதற்கு ஈடாக நாம் கொடுத்தது என்ன என்று கணக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. அக்கடமையின் பெயரே மதிப்பீடு.

அடுத்த முறை உங்கள் ஊர் மன்றத்தின் ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கும்போது, மேடையில் இருப்போரை வணங்குங்கள், உழைத்தோரைப் பாராட்டுங்கள். அதன்பின் மெதுவாக எழுந்து, இப்படத்தில் இல்லாத பிள்ளைகள் யார் என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். என்னிடம் அக்கேள்வியைக் கேட்ட இளம் ஆசிரியைக்கு நான் அன்று நன்றி கூறவில்லை. இன்று இவ்வானொலி வாயிலாகக் கூறிக் கொள்கிறேன்.